டிராகுலாவை விமர்சன நோக்கில் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோத்திக் நாவல் ஒன்றைக் கொடுத்து, பல விமர்சனக் கோணங்களில் ஆராய்ந்து எழுது என்றால் வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். பெண்ணியத்துக்கு ஒரு பத்தி, ஃப்ராய்டுக்கு ஒரு பத்தி, மார்க்ஸுக்கு ஒரு பத்தி, கடைசியில் "இவ்வாறு இந்நாவல் பல கோணங்களிலும் சிறந்து விளங்குகிறது" என்று ஒரு வணக்கம். நாவலின் பெயரை அழித்துவிட்டு வேறொரு நாவலின் பெயரைப் போட்டாலும் அந்தப் பத்திகள் அசையாமல் அப்படியே நிற்கும். அங்கேதான் கோளாறு.

நான் சொல்லப்போகிற வழி இதற்கு நேர் எதிர். கோட்பாட்டை மாற்றிக்கொண்டே போங்கள், ஆனால் காட்சியை மாற்றாதீர்கள். நாவலில் மூன்று நான்கு காட்சிகளைப் பிடித்துக்கொண்டு, அதே காட்சிகளிடம் வெவ்வேறு கேள்விகளைக் கேளுங்கள். எந்தக் கேள்விக்கு எது பதில் சொல்கிறது, எது வாயைத் திறக்க மறுக்கிறது என்பதைப் பார்த்தால் கட்டுரை தானாகவே உருவாகும். இதற்கு பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வை எடுத்துக்கொள்கிறேன். 1897 மே மாதம் லண்டனில் வெளியானது, 27 அத்தியாயங்கள். கதை முழுவதையும், முடிவு உட்பட, போட்டு உடைக்கப்போகிறேன், எனவே இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

முதலில் சினிமாவைக் கழற்றி வையுங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் எல்லாமே கோணலாகும். உங்கள் மனத்தில் இருக்கிற டிராகுலா கறுப்பு மேலங்கி போட்டவன், அழகன், வெயில் பட்டால் சாம்பலாகிறவன். நாவலில் வருகிற கவுண்ட் (பிரபு என்று பொருள், டிராகுலாவின் பட்டம்) ஒரு கிழவர். நீண்ட வெள்ளை மீசை, உள்ளங்கையில் முடி, வாயில் நாற்றம். இரத்தம் குடிக்கக் குடிக்க இளமையாகிறார். செப்டம்பர் மாதம் லண்டன் பிக்கடில்லித் தெருவில் பட்டப்பகலில் நின்று ஒரு பெண்ணை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வெயில் அவரை ஒன்றும் செய்வதில்லை, பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயிலில் அழிந்துபோகிற இரத்தக்காட்டேரி 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்கிற ஜெர்மன் மௌனப்படம் பிரபலமாக்கிய சங்கதி. (அந்தப் படத்தை அனுமதி வாங்காமல் எடுத்தார்கள் என்று ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லி உத்தரவும் வாங்கினார். அப்படியும் படம் பிழைத்துக்கொண்டது.) மார்பில் மரக்கட்டையை அறைந்து கவுண்டைக் கொல்வதும் நாவலில் இல்லை. அவர் சாவது இரண்டு கத்திகளால், அந்தக் கத்திகள் எங்கிருந்து வந்தவை என்பது பின்னால் தேவைப்படும்.

அதோடு, டிராகுலாவுக்கு மூலம் என்று பலரும் சொல்கிற, எதிரிகளைக் கழுவேற்றியதற்குப் பேர்போன விளாட் என்கிற பழைய வலாக்கிய (இன்றைய ருமேனியா) மன்னனையும் ஓரமாக உட்கார வையுங்கள். ஸ்டோக்கர் 1890 கோடையில் விட்பி என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது, வில்லியம் வில்கின்சன் 1820இல் எழுதிய ஒரு நூலில் 'டிராகுலா' என்ற பெயரைக் கண்டெடுத்தார். அதுவரை அவர் குறிப்புகளில் வில்லனின் பெயர் கவுண்ட் வாம்பயர். அந்தக் குறிப்புகள் இன்று ஃபிலடெல்ஃபியாவில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அவற்றில் கழுவேற்றும் மன்னனைப் பற்றிய விரிவான ஆராய்ச்சி எதுவும் இல்லை. பெயர் பிடித்தது, கொஞ்சம் போர் வரலாறு கிடைத்தது, எடுத்துக்கொண்டார். கவுண்டின் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியாவுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை.

யார் எழுதியது, எதில் எழுதியது: அட்டவணை போடுங்கள்

ஒரு தாளில் நான்கு பத்திக்கட்டம் போடுங்கள்: அத்தியாயம், தேதி, எழுதுகிறவர், எழுதும் கருவி. சலிப்பான வேலைதான், ஆனால் இந்த நாவலுக்கு இதைவிடப் பயனுள்ள தயாரிப்பு வேறெதுவும் கிடையாது. ஏனென்றால் இதில் ஆசிரியர் குரலில் கதைசொல்லியே இல்லை. வீடு வாங்கும் விஷயமாகக் கவுண்டின் கோட்டைக்குப் போகும் இளம் வழக்கறிஞர் ஜொனாதன் ஹார்க்கர் சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதுகிறார். மனநல மருத்துவர் சூவர்ட் ஃபோனோகிராஃப் என்ற அக்கால ஒலிப்பதிவுக் கருவியின் உருளையில் பேசிப் பதிவு செய்கிறார். ஹார்க்கரை மணக்கும் மீனா தட்டச்சு செய்கிறாள். நடுவில் கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் துணுக்குகள், ஒரு கப்பலின் பதிவேடு.

அட்டவணை நிரம்ப நிரம்ப இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, கவுண்டுக்கு நாட்குறிப்பு இல்லை. ஆரம்பத்தில் ஹார்க்கருக்கு அனுப்பும் வரவேற்புக் கடிதம், வைத்துவிட்டுப் போகிற ஒரு துண்டுச்சீட்டு என்று சில வரிகளே அவர் கையால் எழுதியவை. மற்றபடி அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவரைக் கொல்லத் துரத்துகிறவர்கள் எழுதி வைத்தது. இன்னொன்று, 17ஆம் அத்தியாயத்தில்தான் தெரிகிறது, இத்தனை காகிதங்களையும் தேதி வாரியாக அடுக்கித் தட்டச்சு செய்பவள் மீனா. அதாவது நீங்கள் இதுவரை படித்துக்கொண்டிருந்தது அவள் தொகுத்த கோப்பு.

காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்

மூன்றோ நான்கோ போதும். தேர்வுக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: படிக்கும்போது உடம்பு கொஞ்சம் நெளிய வேண்டும், ஏன் இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறார் என்று தோன்ற வேண்டும். நான் எடுத்துக்கொள்பவை இவை. 2ஆம் அத்தியாயத்தில் கோட்டை நூலகத்தில் நடக்கும் பேச்சு, 3ஆம் அத்தியாயத்தில் ஹார்க்கரை மூன்று பெண்கள் நெருங்குவது, 16ஆம் அத்தியாயத்தில் லூசியின் கல்லறை, 21ஆம் அத்தியாயத்தில் மீனாவின் படுக்கையறை. இடையிடையே சில்லறைச் சான்றுகளை வேறு இடங்களிலிருந்து எடுப்பதில் தவறில்லை.

கோட்பாடு எதுவும் இல்லாமல் ஒருமுறை படியுங்கள்

கல்லறைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 29, சூவர்டின் பதிவு. இறந்து இரத்தக்காட்டேரியாகிவிட்ட, மீனாவின் தோழி லூசியின் சவப்பெட்டியைச் சுற்றி நான்கு ஆண்கள். வேட்டைக்குத் தலைமை தாங்கும் டச்சு மருத்துவர் வான் ஹெல்சிங் பிரார்த்தனை நூலைப் படிக்க, அவளை மணக்கவிருந்த ஆர்தர் மரக்கட்டையை அவள் நெஞ்சில் வைத்து அடிக்கிறான். அவன் கை நடுங்கவில்லை, சுத்தியல் ஏந்தும் வட ஐரோப்பியக் கடவுள் தோரின் உருவம்போல நிற்கிறான், அந்தக் கட்டைக்கு "கருணை சுமந்த" என்ற அடைமொழி, பெட்டிக்குள் நெளிவது லூசி அல்ல "அது". அடித்து முடித்ததும் முகம் பழைய தூய்மைக்குத் திரும்புகிறது, உடனே லூசி மறுபடியும் "அவள்" ஆகிறாள்.

இதையெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெயர்ச்சொல் எங்கே மாறுகிறது, எந்த அடைமொழி யாருக்குப் போகிறது, எவ்வளவு நேரம் வர்ணனை நீள்கிறது. பின்னால் எந்தக் கோட்பாட்டைக் கொண்டுவந்தாலும் இந்தக் கோடுகளின் மேல்தான் அது நிற்க முடியும். இன்னொன்றையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: இந்தக் காட்சியை வர்ணிக்கும் சூவர்ட், லூசியிடம் திருமணம் கேட்டு மறுக்கப்பட்டவர். அங்கே நிற்கும் அமெரிக்கன் குவின்சி மாரிஸும் அப்படியே. ஆர்தரையும் சேர்த்து மூவரும் கேட்டது ஒரே நாளில்.

காலப் பின்னணி, ஆனால் அளவாக

வரலாற்றுப் பின்னணிக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். காட்சியைத் திறக்க உதவுகிற சாவி எதுவோ அதை மட்டும் எடுங்கள். ஸ்டோக்கர் 1847இல் டப்ளினில், அயர்லாந்தின் பெரும் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது பிறந்தவர். டப்ளின் காசிலில் ஆங்கிலேய நிர்வாகத்தின் குமாஸ்தாவாக இருந்தார், 1879இல் வெளிவந்த அவரது முதல் நூலே நீதிமன்ற எழுத்தர்களின் கடமைகளைப் பற்றிய கையேடு. கோப்புகளால் பேயைப் பிடிக்கும் நாவலை எழுதியவர் ஒரு பழைய குமாஸ்தா என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். 1878 முதல் லண்டனில் நடிகர் ஹென்றி இர்விங்கின் லைசியம் நாடக அரங்கை நிர்வகித்தார். 1894இல் 'புதிய பெண்' என்ற பெயரில் சுதந்திரமான பெண்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வாதம் நடந்தது, நாவலில் மீனாவே அதைக் கிண்டலடிக்கிறாள். 1895இல் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் ஆண்களோடு உறவு கொண்டதற்காகச் சிறைக்குப் போனார். வைல்ட் ஒருகாலத்தில் விரும்பிய பெண்தான் ஸ்டோக்கர் மணந்த ஃப்ளாரன்ஸ். போதும்.

நம் ஆட்களுக்கு இங்கே ஒரு சபலம் வரும். விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளை ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்தில், இரத்தக்காட்டேரி என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டு வெளியிட்டார், ஸ்டோக்கர் பர்ட்டனை நேரில் சந்தித்திருக்கிறார். உடனே முருங்கை மரத்திலிருந்து இறங்கி வந்ததுதான் டிராகுலா என்று எழுதிவிடாதீர்கள். இருவரும் சந்தித்தார்கள் என்பது ஒரு தகவல், அதை வைத்து உருவானது நாவல் என்பது வேறு, அதற்கு நாவலுக்குள்ளிருந்து சான்று வேண்டும்.

உளப்பகுப்பாய்வு: யார் ஆசைப்படுகிறார்கள்?

இனி கோட்பாடுகள். ஃப்ராய்ட் வழி வருகிறவர்களுக்கு இந்த நாவல் ஒரு விருந்து. ஃப்ராய்டின் நெருங்கிய சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ், துர்க்கனவு பற்றிய தன் நூலில் இரத்தக்காட்டேரி நம்பிக்கைக்கே ஒரு இயல் ஒதுக்கினார். 1959இல் மாரிஸ் ரிச்சர்ட்சன் இந்த நாவலை முழுக்க முழுக்க ஈடிபஸ் கதையாக, ஒரு பெரிய தகப்பனை மகன்கள் கூடிக் கொல்லும் கதையாகப் படித்தார். 1977இல் ஃபிலிஸ் ராத் அதைத் திருப்பிப்போட்டு, பகை தகப்பன்மேல் இல்லை, தாய்மேல்தான் என்றார்.

உங்கள் 3ஆம் அத்தியாயக் காட்சிக்குப் போங்கள். மூன்று பெண்கள் நெருங்கும்போது ஹார்க்கர் ஓடவில்லை. கண்ணை மூடி, கிறக்கத்தோடு காத்திருக்கிறார். அச்சமும் ஆசையும் ஒன்றாக இருந்தன என்று அவரே எழுதுகிறார், உதடுகளால் முத்தமிட மாட்டார்களா என்று ஏங்கியதையும் எழுதுகிறார். அப்புறம், இதை எழுதி வைப்பது நல்லதல்ல, மீனா கண்ணில் பட்டால் வருத்தப்படுவாள் என்றும் சேர்க்கிறார். அடக்கப்பட்டது பயங்கரத்தின் வேஷத்தில் திரும்பி வருகிறது என்கிற வாதத்துக்கு இதைவிட வசதியான பத்தி வாய்க்காது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. ஃப்ராய்டின் கனவு நூல் இந்த நாவலுக்குப் பிறகு வந்தது, ஸ்டோக்கர் ஃப்ராய்டைப் பின்பற்றினார் என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். அதே சமயம், நாவலுக்கு உள்ளேயே அக்கால உளவியல் இருக்கிறது. வான் ஹெல்சிங் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோவின் பெயரைச் சொல்கிறார், மனவசியத்தைப் பற்றிப் பேசுகிறார், மூளை தனக்குத் தெரியாமலே சிந்திப்பதைச் சூவர்ட் குறிப்பிடுகிறார். எனவே ஆசிரியரின் சிறுவயதை நோண்டுவதை விட்டுவிட்டு, பாத்திரங்கள் தங்கள் மனத்தைப் பற்றி எதைச் சொல்லி எதை மழுப்புகிறார்கள் என்று பாருங்கள். இந்த அணுகுமுறையின் பெரிய பலவீனமும் அப்போது தெரியும்: எதைக் காட்டினாலும் பாலுணர்வு என்று சொல்லிவிடலாம். எதை வைத்தாலும் பொருந்துகிற விளக்கம் அந்தக் காட்சியைப் பற்றிக் குறிப்பாக எதையும் சொல்வதில்லை.

பெண்ணியம், பாலினம்: யாருக்கு எது அனுமதி?

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், ஏனென்றால் நாவல் இங்கேதான் தனக்குத்தானே முரண்படுகிறது. லூசி தன் தோழிக்கு எழுதும் கடிதத்தில், ஒரு பெண் மூன்று பேரை, அல்லது அவளை விரும்புகிற எத்தனை பேரையும் ஏன் மணக்கக் கூடாது என்று கேட்கிறாள், கேட்ட கையோடு இது மதத்துக்கு விரோதமான பேச்சு, சொல்லக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொள்கிறாள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் நாவல் அந்த விளையாட்டை எடுத்து அப்படியே நடத்திக் காட்டுகிறது. கவுண்ட் குடித்துக் குடித்து அவள் வெளிறியபோது நான்கு ஆண்கள் அடுத்தடுத்து அவளுக்கு இரத்தம் கொடுக்கிறார்கள். (இரத்த வகைகளை லேண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்தது சில ஆண்டுகள் கழித்து, 1901இல். லூசியைக் கொன்றது வைத்தியம்தான் என்று மருத்துவர்கள் வேடிக்கையாகச் சொல்லலாம்.) இறுதிச்சடங்கு முடிந்ததும் ஆர்தர், என் இரத்தம் அவளுக்குள் போனதால் கடவுள் பார்வையில் அவள் என் மனைவியாகிவிட்டாள் என்கிறான். மற்ற மூவரும் கொடுத்தது அவனுக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. வான் ஹெல்சிங் வண்டிக்குள் ஏறியதும் அடக்கமுடியாமல் சிரிக்கிறார், பின்னர் சூவர்டிடம் அப்படியானால் இந்த இனிய பெண் பலகணவர்க்காரி அல்லவா என்கிறார்.

இதற்குப் பிறகு கல்லறைக் காட்சியை மறுபடி படியுங்கள். அதே ஆண்கள், அதே பெண். அவள் கேட்டு மன்னிப்புக் கேட்ட ஆசைக்குத் தண்டனை நிறைவேறுகிறது, நிறைவேற்றுவது மணமகனாக வர வேண்டியவன். பெண்ணுடல்மேல் நடக்கும் வன்முறைக்கு மொழி எப்படிக் கருணை என்ற பெயர் வைக்கிறது என்பதை முன்பு போட்ட பென்சில் கோடுகளே காட்டும்.

இதோடு நிறுத்தினால் பாதிதான். 1984இல் விமர்சகர் கிறிஸ்டஃபர் கிராஃப்ட் வேறொரு கேள்வியைக் கேட்டார்: இரத்தக்காட்டேரியின் வாய் ஆணா, பெண்ணா? மென்மையான சிவந்த உதடு, உள்ளே துளைக்கும் பல். 3ஆம் அத்தியாயத்தில் படுத்துக் காத்திருப்பவர் ஆண், நெருங்குகிறவர்கள் பெண்கள். அவர்களைத் தள்ளிவிட்டுக் கவுண்ட் "இந்த மனிதன் எனக்குச் சொந்தம்" என்று கத்துகிறார், ஆனால் நாவல் அந்த வரியை அப்புறம் தொடவே இல்லை. கவுண்ட் கடிப்பதாக விவரிக்கப்படுவது பெண்களை மட்டுமே. ஆண்களிடையே உள்ள ஈர்ப்பு பெண்களின் உடல் வழியாகவே, நான்கு பேரின் இரத்தமும் லூசிக்குள் கலப்பதுபோல, சுற்றிப்போகிறது என்பது கிராஃப்டின் வாதம். வைல்ட் வழக்குக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து வந்த நாவல் என்பதை இங்கே கொண்டுவாருங்கள், அப்போதுதான் அந்தத் தகவலுக்கு வேலை இருக்கிறது.

மீனாவுக்கு வருவோம். ஆண்கள் அவளைப் புகழ்வதே வேடிக்கை: ஆணின் மூளை, பெண்ணின் இதயம் என்கிறார் வான் ஹெல்சிங். புகழ்ந்த சூட்டோடு, இனி இது பெண்களுக்கான வேலை இல்லை என்று கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவளைத் தனியாக விட்ட அந்த இரவுகளில்தான் கவுண்ட் அவளிடம் வருகிறார். பாதுகாப்பு என்ற பெயரில் விலக்கியதே ஆபத்துக்குக் கதவைத் திறந்தது என்பதை நாவலின் நிகழ்ச்சி வரிசையே சொல்கிறது, பாத்திரங்கள் எவரும் உரக்கச் சொல்லாவிட்டாலும். கடைசியில் கவுண்ட் எந்த ஆற்று வழியாகத் தப்புகிறார் என்று காகிதத்தில் தர்க்கம் போட்டுக் கண்டுபிடிப்பவளும் அவளே. ஆகவே 'நாவல் பெண்ணடிமைத்தனத்தை ஆதரிக்கிறது' என்றோ 'எதிர்க்கிறது' என்றோ ஒரே வரியில் முடிக்காதீர்கள். லூசியை வைத்து ஒன்றையும் மீனாவை வைத்து இன்னொன்றையும் செய்கிறது, அந்தப் பிளவைப் பற்றி எழுதுங்கள்.

மார்க்சியம்: பணம் எங்கே இருக்கிறது?

மார்க்ஸ் 1867இலேயே மூலதனத்தை இரத்தக்காட்டேரியோடு ஒப்பிட்டுவிட்டார், உயிருள்ள உழைப்பை உறிஞ்சித்தான் அந்தச் செத்த உழைப்பு வாழ்கிறது என்று. இந்த மேற்கோளைப் போட்டுவிட்டு மார்க்சிய ஆய்வு முடிந்தது என்று எழுந்து போகிறவர்கள் ஏராளம். இத்தாலிய விமர்சகர் ஃபிராங்கோ மொரெட்டி அப்படிப் போகவில்லை, நாவலின் பணத்தை எண்ணினார். நீங்களும் எண்ணுங்கள். கோட்டையில் தூசி படிந்த தங்கக் குவியல், 300 ஆண்டுக்குக் குறைந்த நாணயம் ஒன்றுகூட இல்லை. பிரபுவுக்கு வேலைக்காரர்கள் இல்லை, படுக்கையை அவரே விரிக்கிறார், மேசையில் சாப்பாட்டை அவரே வைக்கிறார். ஆடம்பரம் செய்கிற பழைய நிலப்பிரபு இல்லை இவர், சேர்ப்பவர், செலவழிக்காதவர். கவுண்ட் லண்டனில் வாங்கிய பிக்கடில்லி வீட்டில் ஹார்க்கர் கத்தியை வீசும்போது அவர் கோட்டு கிழிந்து கொட்டுவது இரத்தமில்லை, நோட்டுக்கட்டும் தங்கக் காசும். உயிர் தப்பி ஓடுகிற அவசரத்திலும் கவுண்ட் குனிந்து ஒரு கைப்பிடி பணத்தை அள்ளிக்கொண்டுதான் ஜன்னலை உடைக்கிறார்.

எதிர்ப்பக்கத்துப் பணத்தையும் எண்ணுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ரயில், நீராவிப் படகு, குதிரைகள், லஞ்சம், எல்லாவற்றுக்கும் ஆர்தரும் குவின்சியும் வாரி இறைக்கிறார்கள், பணத்தின் அற்புத சக்தியை நினைத்து மீனா வியக்கிறாள். அது நல்ல பணமாம், ஏனென்றால் நல்லவர்கள் செலவழிக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று நாவலில் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

பின்காலனியம்: யார் யாரைப் பிடிக்க வருகிறார்கள்?

காலனி ஆதிக்கம் விட்டுப்போன தடங்களைத் தேடுகிற பார்வை இது. நூலகக் காட்சிக்குப் போங்கள். கவுண்டிடம் ஆங்கில வரலாறு, புவியியல், சட்டம், லண்டன் முகவரிப் புத்தகம், படைகளின் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. ஒருநாள் ஹார்க்கர் பார்க்கும்போது சோபாவில் படுத்து இங்கிலாந்து ரயில் அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறார். தன் உச்சரிப்பைத் திருத்தச் சொல்லிக் கேட்கிறார், இங்கே நான் பிரபு, அங்கே போனால் அந்நியன், என் பேச்சைக் கேட்டு யாரும் 'இவன் வெளியூர்க்காரன்' என்று நிற்கக் கூடாது என்கிறார். 1990இல் ஸ்டீவன் அராட்டா இதைத் தலைகீழ்க் குடியேற்றத்தின் அச்சம் என்று விளக்கினார். இங்கிலாந்து மற்ற நாடுகளில் செய்ததை, அதாவது மொழியைக் கற்று, வரைபடம் பார்த்து, நிலம் வாங்கி, மக்களை மாற்றி, ஆளுவதை, ஒருவன் இங்கிலாந்துக்கே வந்து செய்துவிடுவானோ என்கிற பயம். குற்றவுணர்வும் அதில் கலந்திருக்கிறது.

கவுண்ட் சாவது எப்படி என்று முன்பு கேட்டோமே. கழுத்தை அறுப்பது ஹார்க்கரின் குக்ரி, கூர்க்கா வீரர்களின் கத்தி. நெஞ்சில் இறங்குவது குவின்சியின் போவி கத்தி, அமெரிக்க எல்லைப்புறத்து ஆயுதம். ஐரோப்பாவின் கிழக்கு விளிம்பிலிருந்து வந்த ஆபத்தை முடிப்பது இமயமலைச் சரிவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் வந்த இரும்பு. இதை ஸ்டோக்கர் திட்டமிட்டாரா என்று கவலைப்படாதீர்கள், கத்திகள் பக்கத்தில் இருக்கின்றன.

அயர்லாந்தை வைத்துப் பார்த்தால்தான் இந்த அணுகுமுறை தடுமாறுகிறது, அதனால்தான் சுவாரசியமாகிறது. பஞ்சத்தில் மக்கள் சாக, குத்தகையை மட்டும் உறிஞ்சிக்கொண்டு வேறெங்கோ வாழ்ந்த நிலப்பிரபுவா கவுண்ட்? 50 பெட்டிகளில் சொந்த மண்ணைத் தூக்கிக்கொண்டு லண்டனில் வந்து இறங்குகிறாரே, அப்படியானால் அவர் குடியேறி வந்த அயர்லாந்துக்காரனா? இரண்டுக்கும் சான்று உண்டு, இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். ஸ்டோக்கரே டப்ளின் புராட்டஸ்டண்ட், ஆட்சி நிர்வாகத்தில் சம்பளம் வாங்கியவர், ஆனால் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்ற பக்கம் நின்றவர். ஒரு பக்கம் சாய்த்து எழுதுவதற்கு முன் இந்த வெட்டை ஒப்புக்கொள்ளுங்கள்.

ஊடகம்: கோப்பு யார் கையில்?

ஜெர்மன் ஆய்வாளர் ஃபிரீட்ரிக் கிட்லர் 1982இல் சொன்னது ஏறக்குறைய இதுதான்: டிராகுலாவை வென்றது சிலுவையோ பூண்டோ இல்லை, தட்டச்சுப்பொறி. ஜெனிஃபர் விக் 1992இல் இன்னும் ஒரு படி போய், படியெடுத்துப் பரப்புகிற அந்த ஊடகமே இரத்தக்காட்டேரித்தனமானது என்றார். உங்கள் அட்டவணை இப்போது பலன் தரும். கவுண்ட் 21ஆம் அத்தியாயத்தில் கையெழுத்துப் பிரதிகளையும் ஃபோனோகிராஃப் உருளைகளையும் எரிக்கிறார், எது ஆபத்து என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பெட்டகத்தில் இன்னொரு பிரதி இருக்கிறது.

நாவலின் கடைசிக் குறிப்பில் ஏழு ஆண்டு கழித்து ஹார்க்கர் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: இத்தனை காகிதத்தில் மூல ஆவணம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவுமே இல்லை, எல்லாம் தட்டச்சுக் குவியல், இதை வைத்து யாரும் நம்ப மாட்டார்கள். இதைப் படித்தபின் 21ஆம் அத்தியாயத்துக்குத் திரும்பினால் தரை ஆடும். அங்கே கவுண்ட் தன் மார்பைக் கீறி மீனாவைக் குடிக்கவைப்பதைச் சூவர்ட் முதலில் வர்ணிக்கிறார், பூனைக்குட்டியின் மூக்கைப் பால் தட்டில் அழுத்தும் குழந்தைபோல என்கிறார், அதில் மீனாவுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்க இடமே இல்லை. பிறகு மீனா தன் வாயால் சொல்கிறாள், விசித்திரம், அவனைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை என்கிறாள். இரண்டு சாட்சியம், ஒரு நிகழ்ச்சி. அதோடு, ஹார்க்கர் 3ஆம் அத்தியாயத்தில் மீனா கண்ணில் படக்கூடாது என்று எழுதிய வரியையும் தட்டச்சு செய்தவள் மீனாதான். அவள் அதை வெட்டவில்லை. எனக்கு இந்த நாவலிலேயே பெரிய திகில் அந்த இடம்தான், பல்லும் வௌவாலும் இல்லை.

கோட்பாடுகளை மோதவிடுங்கள்

இப்போது உங்களிடம் ஒவ்வொரு காட்சிக்கும் பல பதில்கள் இருக்கும். அடுக்கி வைக்காதீர்கள், மோதவிடுங்கள். பின்காலனிய வாசிப்பு கவுண்டிடம் கொஞ்சம் இரக்கம் காட்டும், ஏனென்றால் அவர் அந்நியர், எழுத்துரிமை மறுக்கப்பட்டவர். பெண்ணிய வாசிப்பு அந்த இரக்கத்தை எளிதில் விடாது, 21ஆம் அத்தியாயத்தில் நடப்பது வன்புணர்வுக்கு மிக அருகில் இருக்கிறது. மார்க்சிய வாசிப்பு பணத்தை அருமையாக விளக்கும், கல்லறையில் ஏன் பெண்ணுடல் என்று கேட்டால் திணறும். உளப்பகுப்பாய்வு அதற்கு உடனே பதில் சொல்லும், ரயில் அட்டவணை எதற்கு என்று கேட்டால் விழிக்கும். எந்த இடத்தில் ஒரு கோட்பாடு திணறுகிறதோ அங்கே அடுத்ததை அழைத்துவாருங்கள், உங்கள் கட்டுரையின் பத்திகளுக்கு நடுவே இருக்க வேண்டிய பாலம் அதுதான்.

எழுத உட்காரும்போது

எல்லாக் கோட்பாட்டையும் ஒரே கட்டுரையில் திணிக்காதீர்கள். இரண்டு போதும், மூன்றாவது இருந்தால் எதிர்க்கேள்வி கேட்க மட்டும். மைய வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள், அதில் நாவலின் குறிப்பிட்ட இடம் ஒன்றாவது வர வேண்டும். 'டிராகுலா விக்டோரிய கால அச்சங்களைப் பிரதிபலிக்கிறது' என்பது வாதமே இல்லை, யாரும் மறுக்க மாட்டார்கள். 'லூசியின் ஆசையைத் தண்டிக்கிற ஆண்களின் கோப்பை மீனா வெட்டாமல் தட்டச்சு செய்வதால், அந்தத் தண்டனையைப் பற்றிய சந்தேகமும் கோப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது' என்பது வாதம், இதை ஒருவர் மறுக்கலாம், நீங்கள் காட்சியைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

விமர்சகர்களின் பெயரைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். மொரெட்டி சொன்னார், கிராஃப்ட் சொன்னார் என்று வரிசையாக எழுதினால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேள்வி வரும். அவர்கள் எந்த வரியைப் பார்த்துச் சொன்னார்கள் என்று தேடிப்போய், அதே வரியில் அவர்கள் விட்டது எதையாவது பிடியுங்கள். சான்று காட்டும்போது பக்க எண்ணோடு அத்தியாயம், தேதி, யாருடைய பதிவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், ஆனால் அக்டோபர் 3ஆம் தேதி சூவர்டின் பதிவு எல்லாப் பதிப்பிலும் அதே இடத்தில்தான் இருக்கும். 'ஸ்டோக்கர் சொல்கிறார்' என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் அடித்துவிட்டு, சொல்வது சூவர்டா, ஹார்க்கரா, மீனாவா என்று திருத்துங்கள். அப்படித் திருத்தும்போது சில பத்திகளின் வாதமே மாறிவிடும், மாறினால் அந்தப் பத்தியை மறுபடி எழுதுங்கள்.